சும்மாடு

மூன்றாம் முறையும் உடைந்துதான் வந்தது.
குளச்சல் விசைப்படகின் பம்புக்கு
நாங்கள் எஃகுப் பொடியில் அச்சடித்துக் கொடுத்த இம்பெல்லர்,
பழைய நாளிதழில் சுற்றி, டீசல் மணத்தோடு.
"ஒங்க மெஷினு கண்காட்சிக்குத்தான் கொள்ளும்"
என்று மேசையில் வைத்துவிட்டு
அடைக்கலம் மேஸ்திரி சாயா குடிக்காமலே போனார்.

கோணம் தொழிற்பேட்டை. இரவு.
ஆர்கான் உருளை மெல்லச் சீறுகிறது.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் புறப்பட்ட காற்று
கூரைத் தகரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறது.
ஸ்டெகானா உடைந்த இறகை அறுத்தாள்,
முகம் தெரியும்வரை தேய்த்தாள்,
அமிலத்தில் நனைத்துக் கழுவினாள்.
"சஜின், வந்து பாரு. ரப்பர் தோட்டம்."

நுண்ணோக்கிக்குள்
வரிசை வரிசையாய் நின்றது எஃகு.
ஒவ்வொரு மணியும் கீழ்ப்படலத்து மணியின்மேல் கால்வைத்து
அதே திசையில், படலம் படலமாய்த் தாண்டி,
நெட்டையாய், கிளையில்லாமல்.
ஊடே ஒரு விரிசல்,
விடியுமுன் பால்வெட்டப் போகிறவனைப்போல
இடம்வலம் பாராமல் நடந்து போயிருந்தது.

அதுவரை பொடியைக் குற்றம் சொன்னோம்.
ஐப்பசி ஈரத்தைச் சொன்னோம்.
கரண்டு போய்ப்போய் வந்ததைச் சொன்னோம்.
ஒளியை யாரும் விசாரிக்கவில்லை.

ஒளிக்கற்றைக்கு ஓர் உருவம் உண்டென்று
எனக்குப் பலநாள் உறைக்கவே இல்லை.
எங்களுடையது நடுவில் கனத்து ஓரத்தில் மெலிந்தது,
குத்தூசி.
தொட்ட இடத்தில் உலோகம் ஆவியாகும்,
ஒரு கிணறு இறங்கும்.
சில கிணறுகள் வாய்மூடிக்கொள்ளும்,
உள்ளே ஒரு குமிழி,
கடலுக்குப் போய்த்தான் தெரியவரும்.

ஷிப்ட் முடிந்து கோட்டாறு நிறுத்தத்தில் நிற்கையில்
மீன்காரி ஒருத்தி ஈரத்துவாலையை முறுக்கினாள்,
வட்டமாய்ச் சுற்றி உச்சியில் வைத்தாள்,
முப்பது கிலோ சாளை அதன்மேல் ஏறியது.
பாரம் அவள் நடுமண்டையில் இறங்கவில்லை.
சுற்றிலும் பரவி நின்றது.
அவள் பாட்டுக்குப் போனில் யாரையோ ஏசிக்கொண்டே போனாள்.

புது லேசரின் மெனுவில் அந்த வரி இருந்தது, வளையம்.
கடன் வாங்கி வாங்கிய லேசர்,
அந்த வரியை மட்டும் நாங்கள் தொட்டதேயில்லை.

முதல் தட்டு ஒட்டவே இல்லை.
உருகிய குட்டை அகலமாய், ஆழமில்லாமல்,
அடிப்படலம் வரை எட்டாமல் ஆறிப்போனது.
விசையைக் கூட்டினோம், வேகத்தைக் குறைத்தோம்.
இரண்டாவது தட்டு ஓரம் வளைந்து
பொடி பரப்பும் பிளேடில் இடித்து
விடியும் நேரத்தில் எங்களை வீட்டுக்கு அனுப்பியது.
ஸ்டெகானா கணக்குநோட்டில் இரண்டுக்கும் தேதி போட்டு
"வீண்" என்று எழுதினாள், பிறகு அதை அடித்தாள்.

ஏழாவதில் தெறிப்பு அடங்கியது.
கண்ணாடிக்குப் பின்னே தீப்பொறிகள் குறைந்து
நெருப்பு ஒரு வேலைக்காரனைப்போல் குனிந்து நடந்தது.

அறுத்து, தேய்த்து, நனைத்து.
இம்முறை அவள் கூப்பிடவில்லை,
நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தாள்.
தோட்டம் கலைந்திருந்தது.
தூண்டில் வளைவில் கொட்டிய பாறைகள்போல
குட்டை மணிகள், ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்த்து,
ஒன்றன் தோளில் ஒன்று இடித்துக்கொண்டு.
அலை அங்கே ஏன் உடைகிறதென்று
கரையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.
விரிசலுக்கும் இதில் நேர்வழி இராது,
வளைய வேண்டும், நிற்க வேண்டும், களைக்க வேண்டும்.

அதே எஃகு. அதே பொடி. அதே வாட்,
கிட்டத்தட்ட.
வெப்பம் உட்கார்ந்த விதம்தான் வேறு.

மேஸ்திரி சனிக்கிழமை வந்தார்.
வளையத்தைப் பற்றி நான் சொன்னதைக் கேட்கவில்லை,
உள்ளங்கையில் உருட்டி எடை பார்த்தார்.
"இத நம்பலாமா மக்ளே?"
ஆமாம் என்று நான் வாயெடுக்குமுன்
ஸ்டெகானா சொன்னாள்,
"ஓரத்துல இன்னும் ரெண்டு வரிசை நிக்குது."
அவருக்கு அது புரிந்திருக்காது.
கொஞ்சநேரம் அவள் முகத்தையே பார்த்தார்.
இம்பெல்லரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
சாயா குடித்தார்.